கூச்சக்கார மிளகுக்கு வீடு பார்க்கறேன், விளம்பரத்துல என்ன எழுதறதுங்க?

கருமத்தம்பட்டி அக்கா:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் ஒரு தறிக் குடோன்ல கணக்கு எழுதறவ. ஞாயித்துக்கிழமையானா ஒரு நாய்க் காப்பகத்துக்குப் போயி கூட்டறது, சோறாக்கறதுன்னு கையாலானதைச் செய்வேன். நாலு வருசத்துல பதினேழு நாய்க்கு வீடு பார்த்துக் குடுத்திருக்கேன். பதினெட்டாவதுல மாட்டிக்கிட்டேன்.

பேரு மிளகு. பொட்டை. நாட்டு நாய், மூணு வயசு முடியப் போகுது, 16 கிலோ. சுத்தக் கருப்பு, நெஞ்சுல மட்டும் சுண்ணாம்பு தெறிச்ச மாதிரி ஒரு திட்டு. கருத்தடை ஆபரேஷன் ஆகி காது நுனியில வெட்டு இருக்குது. வெறிநாய்க்கடி ஊசியும் ஏழு நோய் ஊசியும் வருசா வருசம் போட்டாச்சு.

புது ஆள் வந்தா தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி போயி ஒடுங்கிக்கும். எட்டிப் பார்த்தா ரெண்டு கண்ணு மட்டும்தான் தெரியும். ஆனா நாம அதைக் கண்டுக்காம, முதுகைக் காட்டி உக்காந்து அரிசியில கல் பொறுக்கிட்டு இருந்தோம்னு வைங்க, பத்து நிமிசத்துல முழங்கையில மூச்சுக் காத்துப் படும். அப்புறம் தலையை அக்குளுக்குள்ள விட்டுக்கும். எடுக்கவே எடுக்காது. தடவற கை நின்னுச்சுன்னா மூக்கால ஒரு முட்டு. நான் போன ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒரு கையாலயே கல் பொறுக்கினேனுங்க.

இந்த மிளகை உலகத்துக்கு எப்படிக் காட்டறதுன்னுதான் தெரியலை. ரெண்டு தத்தெடுப்பு முகாமுக்குக் கூட்டிட்டுப் போனோம். ரெண்டுலயும் கூண்டு மூலையில சுருண்டு எச்சில் ஒழுக நடுங்குச்சு. பார்க்க வந்தவங்க "இதுக்கு உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டுட்டு, பக்கத்துல வாலாட்டற வெள்ளைக் குட்டிங்களைத் தூக்கிட்டுப் போனாங்க. லேப்ரடார் இருக்கான்னு கேட்டவங்க கணக்கு தனி.

ஆடி மாசம் ஒரு குடும்பம் எடுத்துட்டுப் போச்சு. ஒம்பதாம் நாள் திருப்பிக் கொண்டாந்து விட்டாங்க. கட்டிலுக்கடியில இருந்து வெளியவே வரலையாம். வீட்டுக்காரர் ஹெல்மெட்டோட உள்ள வந்தா நின்ன இடத்துலயே ஒண்ணுக்குப் போயிடுமாம். அவங்க மேல எனக்குக் கோவம் இல்லைங்க. "கொஞ்சம் கூச்சம்தான், ரெண்டு நாள்ல சரியாயிடும்"னு வாய்கூசாம பொய் சொன்னது நான்.

இப்ப ஒரு விளம்பரம் போட்டிருக்கேன். "அடிபட்டு, உதைபட்டு, மனுசனையே நம்ப மறந்த ஜீவன். உங்கள் அன்பு ஒன்றே இதற்கு மருந்து"ன்னு ஆரம்பிக்கும். நிறையப் பேர் அழுதுட்டுப் பகிர்ந்தாங்க. கூப்பிட்டது மூணே பேர். ஒருத்தர் பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்காரர், காவலுக்கு வேணுங்கறார். ஒண்ணு சரவணம்பட்டியில அடுக்குமாடியில இருக்கற சின்னஞ்சிறுசுங்க, நாலு வயசுப் பையன் இருக்கறான். மூணாமத்தவர் கோபிச்செட்டிபாளையத்துல ஓய்வுபெற்ற ட்ராயிங் வாத்தியார், தனி ஆள், சொந்த வீடு. ஆனா அவரும் ஸ்கூட்டர்ல ஹெல்மெட்டோட போறவர்தான்.

யாருக்குக் குடுக்கறது? விளம்பரத்தை மாத்தணுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.


தயிர்சாதம்:

அக்கா, முதல்ல அந்த விளம்பரத்தைத் தூக்குங்க. கோச்சுக்காதீங்க. என் வீட்டுலயும் இதே ரகத்துல ஒண்ணு இருக்கு, ஆறு வருஷமா. நானும் அப்படி ஒரு அழுகாச்சி விளம்பரம் பார்த்துட்டுத்தான் போனேன். அதைப் படிச்சுட்டுப் போறவனுக்கு மனசுக்குள்ள ஒரு படம் ஓடும்: நான் கையை நீட்டுவேன், அது ஓடி வந்து நக்கும், நான்தான் அதைக் காப்பாத்தினவன். நாய் என்னடான்னா வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி போய் உட்கார்ந்து நாலு நாள் என் மூஞ்சியையே பார்க்கலை. எனக்கு அவமானமா போச்சு. நிஜமா சொல்றேன், "உனக்கு இவ்ளோ செய்யறேனே"ன்னு ஒரு நாய்கிட்ட சண்டை போட்டிருக்கேன். எங்கம்மா ரெண்டு நாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க.

நீங்க மேல எழுதியிருக்கீங்களே, அரிசியில கல் பொறுக்கினது, முழங்கையில மூச்சுக் காத்து, மூக்கால முட்டறது. விளம்பரம் அதுதான். அப்படியே எடுத்துப் போடுங்க. கூடவே அந்த ஒம்பது நாள் கதையையும் ஒளிக்காம எழுதுங்க. கட்டிலுக்கடியில போகும், ஹெல்மெட்டுக்குப் பயப்படும்னு தெரிஞ்சும் கூப்பிடறவங்க ரெண்டு பேரா இருந்தாலும் போதும்.

தோப்புக்காரருக்கு வேண்டவே வேண்டாம். ஒளியற நாய் எங்க காவல் காக்கும்? சங்கிலியில கட்டிப் போட்டுடுவார்.


ஊசிமருந்து:

மதுரையில கால்நடை டாக்டர் ஒருத்தர்கிட்ட பன்னெண்டு வருசமா உதவியாளரா இருக்கேன். ரெண்டு மூணு விசயம் சொல்றேன்.

மிளகை யாரும் அடிச்சிருக்கணும்னு அவசியமே இல்லக்கா. நாய்க்குட்டிக்குப் பொறந்த மூணாவது வாரத்துல இருந்து பன்னெண்டு, பதினாலு வாரம் வரைக்கும் ஒரு பருவம். அந்த நேரத்துல எதையெல்லாம் பார்க்குதோ, கேக்குதோ, மோந்து பார்க்குதோ அதெல்லாம் "நம்ம உலகம்"னு மனசுல பதிஞ்சுரும். பார்க்காதது எல்லாம் பிற்பாடு பூதமாத் தெரியும். மிளகு எந்த வயசுல உங்ககிட்ட வந்துச்சு? அதுக்கு முன்னாடி எங்க கெடந்துச்சு? அதைச் சொன்னீகன்னா பாதி விளங்கிரும். ஹெல்மெட்டுங்கறது நாய் கணக்குல முகமே இல்லாத ஒரு பெரிய தலை. அதுக்கு உதை கதை தேவையில்ல.

அடுத்தது, யார் எடுத்தாலும் மொத மாசம்தான் கண்டம். இந்த மாதிரி நாய் கடிச்சுக் காணாமப் போறதில்ல, ஓடித்தான் காணாமப் போகும். கழுத்துப் பட்டையை மட்டும் நம்பாதீக. பயந்துபோய் பின்வாக்குல இழுத்துச்சுன்னா தலை உருவிக்கிட்டு வந்துரும். உடம்புல மாட்டுற ஹார்னஸ் ஒண்ணு, கழுத்துப் பட்டை ஒண்ணு, ரெண்டுக்கும் தனித்தனிக் கயிறு. வாசல் கேட்டுக்கும் வீட்டுக் கதவுக்கும் நடுவுல இன்னொரு தடுப்பு இருக்குற வீடாப் பாருங்க. வந்த அன்னைக்கே குளிப்பாட்டுறேன்னு யாரும் கெளம்ப வேணாம். சொந்தக்காரங்களை வரச்சொல்லிக் காட்டவும் வேணாம். சாப்பாட்டு நேரம், படுக்கை, கழிவுக்குப் போற இடம் மூணும் மாறாம இருந்தாலே பாதிப் பயம் எறங்கிரும்.

குடுக்குறதுக்கு முன்னாடி உண்ணிக் காய்ச்சலுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செஞ்சிருங்க. கூச்சம்னு நாம நெனைக்கிற சோர்வுல பாதி சில சமயம் அதாத்தான் இருக்கும்.


நாலாம் நம்பர் பஸ்:

ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்க வேண்டாம். ஊசி போட்டு ஆபரேஷன் பண்ணின நாயைப் பிடிச்ச இடத்திலேயே கொண்டுபோய் விடணும்னுதானே 2023ல வந்த தெருநாய்க் கருத்தடை விதி சொல்லுது? 2025 ஆகஸ்ட் 22ல உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட அதையேதானே சொன்னது? மனுஷனைக் கண்டு பயப்படற நாயை வீட்டுக்குள்ள அடைச்சு மாத்தறேன்னு கஷ்டப்படுத்தறதைவிட, தெருவிலேயே நிம்மதியா இருக்கட்டுமே. நாட்டு நாய்க்குத் தெருதானே வீடு.


கருமத்தம்பட்டி அக்கா:

நல்ல கேள்விங்க, தப்பா எடுத்துக்கலை. மிளகு கிடைச்சது அவிநாசி ரோட்டுக்கிட்ட ஒரு கட்டட வேலை நடந்த இடத்துல. மோட்டார் ரூமுக்குள்ள, தாய் செத்துக் கிடக்க, இது மட்டும் உசுரோட இருந்துச்சு. நாலு மாசக் குட்டி. அந்தக் கட்டடம் இப்ப பள்ளிக்கூடம். 2025 நவம்பர் 7ல அதே உச்ச நீதிமன்றம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேசன்ல பிடிக்கற நாயைத் திரும்ப அங்கயே விடக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. அதுவும் போக, ரெண்டரை வருசமா காப்பகக் காம்பவுண்டுக்குள்ளயே வளர்ந்த புள்ளை இது. அவிநாசி ரோட்டுல விட்டா சாயங்காலத்துக்குள்ள லாரிக்கடியில கெடக்கும்.

ஊசிமருந்து தம்பி, நீங்க கேட்டதுக்குப் பதில் எழுதும்போதுதான் எனக்கே உறைச்சுது. நாலு மாசம் இருட்டு மோட்டார் ரூம். நீங்க சொன்ன பதினாலு வாரம் மொத்தமும் அதுக்குள்ளயே போயிருக்குது. அப்புறம் காப்பகம். அங்க வேலை செய்யறது பூராவும் பொம்பளைங்க. ஆம்பளைன்னு பார்த்தது ஊசி போடற டாக்டரை மட்டும்தான்! "அடிபட்டு உதைபட்டு"ன்னு நானாக் கட்டின கதை அது. விளம்பரத்தை எடுத்துட்டேன்.

சரவணம்பட்டிக்காரங்களைப் பத்தி யாரும் சொல்லலையே. அந்தப் பொண்ணு ரொம்ப ஆசையா இருக்குது.


வேப்பம்பூ:

நான் அடுக்குமாடியில அஞ்சாவது மாடி, ரெண்டு குழந்தைங்க, ரெண்டு நாய். அதனால சொல்ற உரிமை எனக்கு இருக்குன்னு நினைக்கிறேன்.

சங்கத்துக்காரங்க நாயே கூடாதுன்னு தடுக்க முடியாது, விலங்குகள் நல வாரியத்தோட வழிகாட்டுதல் இருக்கு. அது பிரச்சினையே இல்ல. லிஃப்ட்தான் பிரச்சினை. ஒண்ணுக்குப் போகணும்னா தினம் நாலு தடவை, நாலடி பெட்டிக்குள்ள, முன்பின் தெரியாத ஆளோட, ஹெல்மெட் போட்ட டெலிவரிப் பையனோட மிளகு நிக்கணும். யோசிச்சுப் பாருங்க. அப்புறம் நாலு வயசுப் பையன் ஓடுவான், கத்துவான், கட்டிலுக்கடியில ஊர்ந்து போய் வாலைப் பிடிப்பான். அது அவன் தப்பு இல்ல. தப்பிக்க வழி இல்லாத மூலையில எந்த நாயும் பல்லைக் காட்டும். ஒரு கீறல் பட்டாலே சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடற தண்ணியில கழுவிட்டு ஊசிக்கு ஓடணும். ஓடிட்டு வந்ததும் மாமியார் நாயை வெளியே அனுப்பிடுவாங்க. பத்தாவது வீடு, பதினோராவது வீடுன்னு மிளகு சுத்தும்.

அந்தப் பொண்ணுக்கு இல்லைன்னு சொல்லாதீங்க. முகாம்ல எல்லார் மடியிலயும் ஏறற குட்டி ஒண்ணு உங்ககிட்ட இல்லாமலா இருக்கும்? அதைக் காட்டுங்க.

வாத்தியாரைப் பாருங்க. ஆனா உடனே கையில குடுக்காதீங்க. நாலு தடவை காப்பகத்துக்கு வரச்சொல்லுங்க. வராதவருக்குப் பொறுமை இல்லைன்னு அர்த்தம். கோபியில இருந்து அவ்ளோ தூரம் வந்துட்டாருன்னா வேற பரீட்சையே வேண்டாம். நல்ல வேளை தீபாவளி தாண்டிருச்சு, அடுத்ததுக்குப் பத்து மாசத்துக்கு மேல இருக்கு.


தயிர்சாதம்:

வேப்பம்பூ சொன்னதுக்கு வழிமொழியறேன். அந்த வாத்தியார் வந்தா ஒண்ணே ஒண்ணு சொல்லிவைங்க: மிளகைப் பார்க்க வேண்டாம். பேப்பர் படிக்கச் சொல்லுங்க. பேப்பரைத் திருப்பற சத்தத்துக்கே முதல் நாள் ஓடும், அடுத்த நாள் காதை மட்டும் திருப்பும்.


கருமத்தம்பட்டி அக்கா:

ரெண்டு மாசத்துக்கு மேலாச்சு, எல்லாருக்கும் பதில் கடன்பட்டிருக்கேன்.

வாத்தியாரைக் கூப்பிட்டேன். போன்லயே எல்லாத்தையும் கொட்டிட்டேன், ஒம்பது நாள் கதை, கட்டில், ஒண்ணுக்கு, ஹெல்மெட். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. வெச்சுட்டாரோன்னு பார்த்தா, "நான் முப்பத்திரண்டு வருசம் கடைசி பெஞ்சுப் பசங்களோட இருந்தவன் அம்மணி, எப்ப வரட்டும்?"னார்.

மொத ஞாயித்துக்கிழமை பேப்பரோட வந்து தொட்டிக்குப் பத்தடி தள்ளி உக்காந்தார். மிளகு எட்டியே பார்க்கலை. ரெண்டாவது வாரம் பேப்பருக்குப் பதிலா நோட்டும் பென்சிலும். தண்ணித் தொட்டியை வரைஞ்சார். அதுல ரெண்டு கண்ணையும் வரைஞ்சிருந்தார். மூணாவது வாரம் வேகவெச்ச கோழித்துண்டைத் தன் முதுகுக்குப் பின்னாடி போட்டுட்டு வரைஞ்சுட்டே இருந்தார். நாலாவது வாரம் நான் சோத்து அண்டாவைக் கழுவிட்டுத் திரும்பறேன், அவர் பென்சிலைக் கீழ வெச்சுட்டுக் கையைத் தூக்கி எனக்குக் காட்டறார், பேசாதேன்னு. முழங்கைக்குக் கீழ கருப்பா ஒரு மூக்கு.

அப்பக்கூட உடனே கூட்டிட்டுப் போகலைங்க. "பாரியூர்க் கோயில் குண்டம் திருவிழா முடியட்டும், வேட்டுச் சத்தம் ஓயட்டும்"னு அவரேதான் சொன்னார். ரத்தப் பரிசோதனையும் செஞ்சோம், உண்ணிக் காய்ச்சல் இருந்துச்சு. இருபத்தெட்டு நாள் மாத்திரை. அதுக்கப்புறம் சாப்பாடே கூடிப்போச்சு, ஊசிமருந்து தம்பிக்குப் புண்ணியம். பொங்கல் முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு, ரெண்டு கயிறு கட்டி, காருக்குள்ள கதவைச் சாத்தின பொறகுதான் கயிறைத் தளர்த்தினோம்.

கதை சுபம்னு சொல்ல மாட்டேன். மொத ஆறு நாள் பின்கட்டுல ஆட்டுக்கல்லுக்கும் செவுத்துக்கும் நடுவுலதான் இருந்துச்சு. ராத்திரி அவர் தூங்கின பொறகு வந்து சாப்பிட்டுட்டுப் போகும். ஏழாம் நாள் பால்காரர் கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டார். வீட்டுக் கதவு சாத்தியிருந்ததால தப்பிச்சோம், இப்ப கேட்டுக்கு ஸ்பிரிங் போட்டாச்சு. அவரோட மகள் வந்தப்ப மறுபடி ஆட்டுக்கல். பதினோராம் நாள், அவர் திண்ணையில உக்காந்து காப்பி குடிக்கறப்ப நிலைப்படியில வந்து படுத்துச்சாம். போன் பண்ணினார். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசாமயே கொஞ்ச நேரம் போனைப் புடிச்சுட்டு இருந்தோம்.

ஹெல்மெட்டுக்கு அவரே ஒரு வழி கண்டுபிடிச்சார். அதைத் தலையில போடறதில்லை. கவுத்தி வெச்ச சட்டியைத் திருப்பி வைக்கற மாதிரி கூடத்துல வெச்சு, அதுக்குள்ள கோழித்துண்டு போடறது. மொத வாரம் கிட்ட வரலை. அப்புறம் கழுத்தை மட்டும் நீட்டி எடுத்துட்டு ஓட்டம். இப்ப தலையை முழுசா உள்ள விட்டு நக்குதாம். மாட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள வர்றதுக்கு இன்னும் நாளாகும், கேட்டுக்கு வெளியவே கழட்டிடறார்.

நேத்து கூப்பிட்டு ஒரே புலம்பல். உளுந்து வாங்கக் கடைவீதிக்குப் போனாராம், ஸ்கூட்டரை நிறுத்தின இடத்துல அஞ்சு தெரு நாய் அவர் தலையையே பார்த்துட்டு நின்னுச்சாம். புது ஹெல்மெட் வாங்கணும், பழசு மிளகோட தட்டுன்னு சொல்லிட்டு வெச்சுட்டார்.