தாத்தாவின் இரட்டைக் குழல் துப்பாக்கி: கட்டைக்கு யோசனை சொல்லுங்கள்
தாத்தா காலத்து 12 போர் (bore, குழல் துளையின் அளவு) துப்பாக்கி, லைசென்ஸ் இப்போது என் பேரில் இருக்கிறது, சுடுவதற்கு இல்லை, பார்க்க நன்றாக இருந்தால் போதும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருக்கிறேன். எண்ணெய் தொட்ட மெல்லிய ஸ்டீல் வுல்லால் துருவைத் தேய்த்ததும் குழலில் மரரேகை மாதிரி வரிகள் எழுந்தன. டமாஸ்கஸ் குழல், அதாவது இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சுற்றி ஒட்டவைத்துச் செய்த பழைய வகை! உப்புத்தாளைப் பக்கத்திலேயே கொண்டுபோகவில்லை.

கட்டைதான், அதாவது தோளில் அணைக்கும் மரப்பகுதிதான் தலைவலி. வால்நட் மரம். பள்ளங்களை ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒற்றி எழுப்பிவிட்டேன், ஆனால் கைப்பிடி ஒடுங்கும் இடத்தில் பல வருட எண்ணெய் ஊறிக் கறுத்துப்போய், மயிரிழை விரிசல் வேறு. சாக் பவுடரை அசிட்டோனில் குழைத்துப் பூசி எண்ணெயை உறிஞ்சவைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை தடவை பூச வேண்டியிருந்தது? எண்ணெய் முழுக்கப் போகாமல் விரிசலை ஒட்டும் எபாக்ஸி பசை பிடிக்காது என்றுதான் காத்திருக்கிறேன். அப்புறம், கடைசியில் மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் இந்த மழைக்காலத்தில் காயுமா, தை வரை பொறுக்கட்டுமா?