கையில் காசில்லை, ராணுவப் பேய்ப்படம் எடுக்கணும்: எதைப் பார்க்கலாம்?

மொட்டைமாடி டாக்கீஸ்:
நண்பர்கள் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கப்போகிறோம். காட்டில் மாட்டிக்கொண்ட ராணுவக் குழு, அங்கே ஒரு பேய். கிராஃபிக்ஸுக்குக் காசு கிடையாது. துப்பாக்கி வைத்திருப்பவனைப் பேய் எப்படிப் பயமுறுத்தும் என்ற இடத்தில் கதை முட்டி நிற்கிறது. இந்த வகையில் உருப்படியான படம் ஏதாவது உண்டா?

வயர்லெஸ் மாமா:
தம்பி, 2004இல் வந்த ‘ஆர்-பாயின்ட்’ என்ற கொரியப் படத்தைப் பாருங்கள். கதை நடப்பது 1972இல், வியட்நாம் போரில். அமெரிக்காவுக்குத் துணையாகத் தென்கொரியா மூன்று லட்சம் பேருக்கு மேல் அனுப்பிய போர் அது. ஆறு மாதத்துக்கு முன் காணாமல்போன ஒரு பிளட்டூனை, அதாவது சிறு படைப்பிரிவை, செத்துவிட்டார்கள் என்று கணக்கு முடித்துவிட்டார்கள். அவர்களிடமிருந்து வயர்லெஸில் அழைப்பு வருகிறது. தேடிப்பார்க்க ஒரு குழு கிளம்புகிறது.

நான் ராணுவத்தில் சிக்னல்ஸ் என்கிற தகவல்தொடர்புப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவன். ராத்திரி டியூட்டியில் வயர்லெஸ் செட் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு எதிர்முனை ஆள் வெறும் குரல்தான். கால் சைன், அதாவது வயர்லெஸில் தன்னை அடையாளம் காட்டும் பெயரை, சரியாகச் சொல்லிவிட்டால் பதில் கொடுத்தே ஆக வேண்டும், செத்தவனா என்று கேட்க முடியாது. அங்கே துப்பாக்கி என்ன செய்யும்?

அப்புறம் தலை எண்ணிக்கை. ஃபால்-இன் பண்ணி, அதாவது வரிசையில் நிறுத்தி, எண்ணாமல் எந்தக் குழுவும் நகராது. இந்தப் படத்தில் அந்தக் கணக்கே உதைக்கும். எப்படி என்று சொல்லமாட்டேன். ஆள் உயரப் புல்லில் பின்தங்கிவிட்ட ஒருவன், முன்னால் போகும் வரிசையைத் தன் ஆட்கள் என்று நினைத்துப் பின்தொடரும் காட்சி ஒன்று போதும். அதில் கிராஃபிக்ஸுக்கு என்ன வேலை?

அவர்கள் தங்கும் பாழடைந்த மாளிகையும் சினிமா செட் இல்லை. கம்போடியாவின் போகோர் மலைமேல் பிரெஞ்சுக்காரர்கள் 1925இல் திறந்த ஹோட்டல் அது. இப்போது புதுப்பித்துவிட்டார்கள், அந்த அழகு போச்சு.

கறிதோசை:
மாமா சொல்வது ரொம்ப மெதுவாகப் போகும். எனக்கு ‘டாக் சோல்ஜர்ஸ்’தான் (2002). இயக்குநர் நீல் மார்ஷலின் முதல் படம். ஸ்காட்லாந்துக் காட்டில் பயிற்சிக்குப் போன பிரிட்டிஷ் சிப்பாய்களை ஓநாய் மனிதர்கள் விரட்டுவார்கள். ஓநாய் எல்லாம் வேஷம் கட்டிய ஆட்கள்தான். சார்ஜென்டுக்கு வயிறு கிழிந்து குடல் வெளியே வந்துவிடும், சூப்பர் குளூ போட்டு ஒட்டுவார்கள்! எடுத்தது பெரும்பாலும் லக்சம்பர்க்கில்.

வயர்லெஸ் மாமா:
அதுவும் நல்ல படம்தான், ஆனால் சிரிப்பு பாதி. ஒன்று கவனித்தீர்களா? பயிற்சி என்பதால் முதலில் அவர்கள் கையில் இருப்பது பிளாங்க் ரவுண்ட், அதாவது குண்டில்லாத தோட்டா. தம்பி கேட்டதற்கு அதுவும் ஒரு பதில்.

மொட்டைமாடி டாக்கீஸ்:
வயர்லெஸ் யோசனை பிடித்திருக்கிறது மாமா. ஆனால் வயர்லெஸ் செட்டுக்கு எங்கே போவேன்?

வயர்லெஸ் மாமா:
செட்டை முழுசாகக் காட்டுவானேன்? ஒரு ஹேண்ட்செட், சுருட்டை வயர், கான்வாஸ் பை போதும். குரலைப் போனில் பதிவு செய்து, அந்தப் போனை எவர்சில்வர் டம்ளருக்குள் வைத்து ஓடவிட்டு, வேறு போனில் மறுபடி பதிவு செய்யுங்கள். வசனத்தில் ‘ஓவர் அண்ட் அவுட்’ என்று மட்டும் எழுதாதீர்கள், சினிமாக்காரர்கள் எல்லோரும் செய்கிற கூத்து. ஓவர் என்றால் பதிலுக்குக் காத்திருக்கிறான், அவுட் என்றால் பேச்சு முடிந்தது. உங்கள் பேய் ஓவரோடு நிறுத்தட்டும்.