போட்டிக்கு இரண்டாவது பிஸ்டல் தேவையா? எல்லைப்பகுதி உறுப்பினர்களின் அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து (பாலக்காடு மாவட்டம், கேரளம்) ஒரு பயிற்சியாளர்

10 மீட்டர் ஏர் பிஸ்டலில் (அழுத்தக் காற்றால் சுடும் கைத்துப்பாக்கி) போட்டியிடும் பிள்ளைகளுக்கு இரண்டாவது துப்பாக்கி ஒன்றையும் வாங்கித்தர வேண்டுமா என்று எங்கள் ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுடும் தளம்) வரும் பெற்றோர் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் வைத்துப் பிழைப்பவர்கள். வெளிநாட்டு மேட்ச் பிஸ்டல் ஒன்றின் விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடுவதால், இதற்குப் பொறுப்பான பதிலைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. உதிரிப் பாகங்களை முதலில் வாங்குங்கள், கைக்குப் பழகிய மாற்றுத் துப்பாக்கியைப் பிறகு யோசியுங்கள், பழகாத மாற்றுத் துப்பாக்கியை வாங்கவே வேண்டாம் என்றுதான் நான் சொல்லிவருகிறேன்.

பெற்றோர் எல்லோரும் எடுத்துக்காட்டுவது, 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கருக்கு நேர்ந்ததை. தகுதிச் சுற்றின் நடுவில் அவருடைய பிஸ்டல் பழுதானது. 60 ஷாட்டுகளை 75 நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டிய போட்டியில், பழுதைச் சரிசெய்துகொண்டு அவர் திரும்பியபோது 44 ஷாட்டுகள் பாக்கியிருந்தன. கடிகாரத்தில் 36 நிமிடங்களே மிஞ்சியிருந்தன. 575 புள்ளிகளுடன் 12ஆம் இடத்தில் முடித்த அவர், இறுதிச் சுற்றை 2 புள்ளிகளில் தவறவிட்டார். அதே வீராங்கனை 2024இல் பாரிஸில் இதே பிரிவில் வெண்கலம் வென்றார் என்பதையும் நான் பெற்றோரிடம் சேர்த்தே சொல்வேன். டோக்கியோவில் அவரிடமிருந்து பறிபோனது நேரம். ஆகவே மாற்று ஏற்பாடு எதுவானாலும், அது நேரத்தை மிச்சப்படுத்துமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

திருவனந்தபுரத்தின் வட்டியூர்க்காவு ரேஞ்சில் நடந்த ஒரு போட்டியில், என் மாணவர் ஒருவர் சைட்டர் ஷாட்டுகள் (புள்ளிக் கணக்கில் சேராத ஒத்திகை ஷாட்டுகள்) சுட்டுக்கொண்டிருந்தபோது பிஸ்டலின் காற்றுச் சிலிண்டரின் அடிப்பக்கத்திலிருந்து மெல்லிய சீறல் கேட்டது. 200 பார் அழுத்தம் வரை நிரப்பியிருந்த சிலிண்டரின் அழுத்தமானியில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் இறங்கியது. காற்றுக் கசியாமல் தடுக்கும் ஓ-ரிங் வளையம் கெட்டிருந்தது. மழைக்காலத்தில் ஈரம் வடிகட்டப்படாத கம்ப்ரசரில் காற்று நிரப்பினால் உள்ளே நீர் சேர்ந்து, காலப்போக்கில் சீல்களும் வால்வும் பாதிக்கப்படும் என்பது எங்கள் பகுதியில் அனைவரும் அறிந்ததே. பெட்டியில் நிரப்பி வைத்திருந்த இரண்டாவது சிலிண்டரைத் திருகி மாட்டியதும், முன்தயாரிப்புக்கான 15 நிமிடங்கள் முடிவதற்குள்ளேயே அவர் மீண்டும் சுடத் தொடங்கிவிட்டார். ஒரு பிஸ்டலின் விலையோடு ஒப்பிட்டால் சிலிண்டரின் விலை மிகச் சிறியது. சிலிண்டருக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயுள் கிடையாது என்பதால், அதில் பொறித்திருக்கும் தேதியைப் பார்த்து வாங்குவது அவசியம்.

இரண்டாவது துப்பாக்கியைப் பொறுத்தவரை, உண்மையான சிக்கல் கிரிப்பில், அதாவது கைப்பிடியில் இருக்கிறது. ஒவ்வொருவரும் தம் உள்ளங்கைக்கு ஏற்றவாறு கிரிப்பில் புட்டிப் பசை அப்பி, காயவிட்டு, அரத்தால் ராவி, விரல்கள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து அமரும்வரை மாதக்கணக்கில் செதுக்குகிறார்கள். இலக்கின் நடுவிலுள்ள 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர்தான், அதைத் தாண்டினால் 8 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி குறையும். மணிக்கட்டின் கோணம் இம்மியளவு மாறினாலே ஷாட் 8க்குப் போய்விடும் ஒரு விளையாட்டில், அலமாரியில் தூங்கிய துப்பாக்கியைப் போட்டி நாளில் வெளியே எடுப்பதால் பயனில்லை. வாங்குவதென்றால் அதே நிறுவனத்தின் அதே மாடலை வாங்கி, வாரத்தில் ஒரு பயிற்சியையாவது அதில் செய்ய வேண்டும். போட்டிக்கு முன் கருவிப் பரிசோதனையில் அதையும் காட்டி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும்.

மீனாட்சிபுரத்திலிருந்து

பயிற்சியாளர் மாஸ்டர் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் நான் இடக்கைப் பழக்கமுள்ளவள். பிஸ்டல் பழுதானால் சக வீரரிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம் என்று பலரும் எளிதாகச் சொல்கிறார்கள். வலக்கைக்கென்று செதுக்கிய கிரிப்பை என்னால் பிடிக்கக்கூட முடியாது. ஒருமுறை மாவட்டப் போட்டியில் என் பிஸ்டலின் பின் சைட் (குறிபார்க்கும் பாகம்) திருகு தளர்ந்து ஆடத் தொடங்கியபோது, அரங்கில் இருந்தவர்கள் மிகுந்த அன்போடு தங்கள் துப்பாக்கிகளை நீட்டினார்கள். அவற்றில் ஒன்றுகூட எனக்கு உதவவில்லை. அந்தப் போட்டிக்குப் பிறகுதான், பயன்படுத்தப்பட்ட பிஸ்டல் ஒன்றை இடக்கைக் கிரிப்புடன் தேடி வாங்கினேன். எங்களைப் போன்றவர்களுக்கு மாற்றுத் துப்பாக்கியை ஆடம்பரம் என்று சொல்வது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

வாளையார் எல்லை வழியாகக் கோயம்புத்தூர் சென்றுவரும்போது, பெட்டியில் இரண்டு பிஸ்டல்கள் இருந்தால் சோதனையில் கேள்விகள் சற்று நீளும். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் பிஸ்டலுக்கு 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. என்றாலும் விலைப்பட்டியலையும் சங்க அட்டையையும் கையில் வைத்திருப்பது நல்லது.

நகரியிலிருந்து (ஆந்திரப் பிரதேசம்) ஒரு தந்தை

வணக்கம். விசைத்தறி நடத்தும் எனக்கு மகளுக்காக ஒரு பிஸ்டல் வாங்கியதே பெரும்பாடாக இருந்தது. ஒரு போட்டியின் கருவிப் பரிசோதனையில், குழலை மேல்நோக்கி நிறுத்தி டிரிகரில் 500 கிராம் எடைக்கல்லை மாட்டித் தூக்கியபோது, கல் மேலே எழும்புவதற்குள் டிரிகர் விடுபட்டுவிட்டது; அந்த எடையை அது தாங்கியிருக்க வேண்டும். பயணத்தின் அதிர்வில் திருகு நகர்ந்திருக்கலாம். திருகைச் சரிசெய்து மறுபடியும் சோதித்தபோது பிஸ்டல் தேறிவிட்டது. ஆனால் அந்தச் சில நிமிடங்களில் மகளின் முகம் வெளிறிப்போனதைக் கண்ட பிறகு, மாற்று ஏற்பாடு இல்லாமல் அவளை இனி அழைத்துச் செல்லக் கூடாது என்று தீர்மானித்தேன்.

அதே பயிற்சிக் கூடத்துக்குத் தங்கள் பிள்ளைகளை அனுப்பும் மற்ற பெற்றோருடன் பேசினேன். அனைவரும் பணம் பகிர்ந்து, எங்கள் பிள்ளைகள் பயன்படுத்தும் அதே மாடலில் ஒரு பிஸ்டலைப் பொதுவாக வாங்கியிருக்கிறோம். கூடவே ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு கிரிப் வாங்கி, அவரவர் கைக்கு ஏற்பச் செதுக்கிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். ஆலன் சாவியால் ஒரு திருகைக் கழற்றினால் கிரிப்பை மாற்றிவிடலாம். என் மகள் இப்போது கண்களைக் கட்டிக்கொண்டும் மாற்றுவாள். பொதுப் பிஸ்டலைப் பிள்ளைகள் முறைவைத்து வாரந்தோறும் சுடுகிறார்கள்.

சித்தூரிலிருந்து (பாலக்காடு மாவட்டம்)

நகரி நண்பர் கூறும் வழி .22 அங்குலத் தோட்டா சுடும் பிஸ்டலுக்குப் பொருந்தாது. நான் 25 மீட்டர் பிரிவில் சுடுகிறேன். அதற்கு உரிமம் வேண்டும். நினைத்தவுடன் கைமாற்றிக்கொள்ள முடியாது. ஆயுதச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை 3இலிருந்து 2ஆகக் குறைந்தது. விளையாட்டு வீரர்களுக்கு அவரவர் தகுதி நிலையைப் பொறுத்துத் தனிச் சலுகை உண்டு என்றாலும், அந்த நிலையை எட்டாதவர்கள் என்ன செய்வது? காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்கத் தந்தையார் வைத்திருந்த இரட்டைக் குழல் துப்பாக்கி என் பெயரில் இருக்கிறது. போட்டிப் பிஸ்டலுடன் என் கணக்கு நிறைந்துவிட்டது.

எனவே தோட்டாவை அடிக்கும் ஃபயரிங் பின், சுட்ட ஓட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர், சுருள்வில், கூடுதல் மேகசின்கள் ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். 25 மீட்டர் பிரிவில் தொடங்கிய பிஸ்டலையே எல்லாச் சுற்றுகளிலும் பயன்படுத்த வேண்டும். அது இயங்காமல் போனால் மட்டுமே வேறொன்றை எடுக்கலாம். சுட்ட தோட்டாவின் ஓடு சிக்கிக்கொண்டால் இளையவர்கள் பதற்றத்தில் உடனே ஸ்லைடை இழுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், குழலை இலக்கின் பக்கமே வைத்தபடி மறு கையை உயர்த்தி நடுவரை அழைக்க வேண்டும். கோளாறு ஏற்கத்தக்கது என்று அவர் முடிவுசெய்தால், விதிப்படி நிவாரணம் கிடைக்கும். நாமே கையை வைத்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

மீனாட்சிபுரத்திலிருந்து

நகரி அண்ணா, உங்கள் ஏற்பாட்டைப் படித்தபோது எனக்கொரு யோசனை தோன்றியது. ஏர் பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றின் சட்டகம் இரு கைக்கும் பொதுவானது. கிரிப் மட்டுமே வேறுபடும். எங்கள் ரேஞ்சில் என் பிஸ்டலின் அதே மாடலை மூவர் வைத்திருக்கிறார்கள். இடக்கைக் கிரிப் ஒன்றைக் கூடுதலாகச் செதுக்கி வைத்துக்கொண்டால், அவர்கள் நீட்டும் துப்பாக்கியும் எனக்கு உதவும். அவர்களில் ஒருவருக்குப் பழுது நேர்ந்தால், அவருடைய கிரிப்பை மாட்டி என் இரண்டாவது பிஸ்டலைக் கொடுக்கவும் முடியும். வரும் ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரின் மேற்பார்வையில் கிரிப்புகளை மாற்றி மாட்டிச் சுட்டுப் பார்க்கிறோம். சைட்டில் எத்தனை கிளிக் மாற்ற வேண்டியிருந்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.