பிளாக் ஸ்வான் பாத்தாக்கள் சொல்லுங்க, நீனாவுக்கு நடந்ததில எது உண்மை? (முடிவு வரைக்கும் கதைச்சிருக்கு, பாக்காதாக்கள் வாசிக்காதீங்க)

உப்புவெளி வாசன்:

எல்லாருக்கும் வணக்கம். போன கிழமை கூட்டாளி வீட்டில நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து பிளாக் ஸ்வான் பாத்தம், 2010ல வந்தது, டேரன் அரனோஃப்ஸ்கி எடுத்த படம். ஸ்வான் லேக் எண்ட பாலே நாடகத்தில வெள்ளை அன்னம், கறுப்பு அன்னம் ரெண்டு வேசமும் ஆடக் கிடைச்ச நீனா எண்ட ஆட்டக்காரிட கதை. முடிஞ்சு லைட் போட்ட உடனயே வாக்குவாதம் தொடங்கிட்டு. மச்சான் சொல்றான் இது பேய்ப்படம், அந்தப் பெட்டைக்குள்ள ஏதோ இறங்கிட்டு எண்டு. இன்னொருத்தன் நகத்தடித் தோலை விரல் முழுக்க உரிக்கிற இடத்திலயே எழும்பி வெளிய போயிட்டான், பிறகு வரவே இல்ல. கூட்டாளிட மனுசி சின்னன்ல இருந்து கலியாணம் கட்டும் வரைக்கும் பரதம் ஆடினவ, அவ கடைசி வரைக்கும் ஒரு சொல்லும் கதைக்கேல்ல, நாங்க வெளிக்கிடேக்க தான் "அண்ணா எனக்கு இதில ஒண்டும் புதுசா இருக்கேல்ல" எண்டு சொன்னா. அவ சொன்னது தான் எனக்கு மண்டைக்குள்ளயே நிக்குது.

என்ட கேள்வி இது தான். நீனாவோட ஆடுற, அவ போட்டியா நினைக்கிற லில்லி நீனாட வீட்டுக்கு வந்தாவா இல்லையா, உடுப்பு மாத்திற அறைக்குள்ள யார் யாரைக் குத்தினது, கடைசியில நீனா செத்துப்போனாவா, இதில எதை நாங்க நம்பலாம்? மற்றது ஒரே படத்தை ஒரே அறைக்குள்ள இருந்து பாத்த ஆக்கள் ஏன் இப்பிடி வேற வேற படம் பாத்த மாதிரிக் கதைக்கிறாங்க? நீங்க பாக்கேக்க உங்களுக்கு என்ன மாதிரி இருந்தது எண்டு எழுதுங்க.

ரீல் ராசா:

தம்பி, எங்கட ஆக்களுக்கு இந்தப் படம் ஏன் குழப்புது எண்டா நாங்க பழகின விதம் அப்பிடி. சந்திரமுகியை எடுங்க, 2005ல வந்தது, அதில சோதிகா ஆடி முடிய ரஜினி டொக்டரா நிண்டு கங்காவுக்கு என்ன வருத்தம், எங்க தொடங்கினது, எப்பிடி மாத்திறது எண்டு எல்லாத்தையும் எங்களுக்கு விளங்கப்படுத்திடுவார், நாங்க நிம்மதியா எழும்பி வரலாம். இங்க அப்பிடி ஒரு ஆள் இல்ல. கிட்டத்தட்ட படம் முழுக்க கமரா நீனாட பிடரிக்குப் பின்னாலயே போகுது, கையில பிடிச்சு எடுத்தது, சூப்பர் 16 எண்ட சின்ன ஃபிலிம்ல எடுத்தபடியா பொரிபொரியா இருக்கும், மேடையில சுத்திறதை தூர நிண்டு வடிவு பாக்க விடாம அவட மூச்சுச் சத்தத்துக்குள்ள எங்களைக் கொண்டுபோய் விடுறாங்க. அவவுக்குத் தெரியாத எதுவும் எங்களுக்கும் தெரியாது.

ஆனா படம் சிலதை தானே பொய் எண்டு காட்டியும் விடுது, வடிவா பாருங்க. விரல் உரிஞ்சது, அடுத்த நிமிசமே விரலுக்கு ஒண்டும் இல்ல. லில்லி வந்து தங்கினது, அடுத்த நாள் லில்லியே தான் வரேல்ல எண்டு சொல்றா. குத்தினது, அதுக்குப் பிறகு லில்லி முழுசா கதவடியில வந்து நிண்டு நல்லா ஆடினாய் எண்டு பாராட்டுறா, அப்ப தான் கண்ணாடித் துண்டு தன்ட வயித்தில இருக்கிறது நீனாவுக்குத் தெரியவருது. சாவு மட்டும் தான் சொல்லாம விட்டிருக்கு, திரை வெள்ளையாகி கைதட்டல் சத்தத்தோட முடியுது. அதைத் திறந்து விட்டது வேணுமெண்டே தான், என்ட எண்ணத்தில அவ உயிரோட இருக்கிறாவா எண்ட கேள்வியே அந்த நேரம் அவவுக்கு இல்ல.

இசையையும் கவனிச்சனீங்களா? கிளிண்ட் மான்செல், சைக்கோவ்ஸ்கி எண்ட ரஷ்ய இசையமைப்பாளர்ட ஸ்வான் லேக் இசையைத் தான் எடுத்து, பின்பக்கமா ஓடவிட்டு, நெளிச்சு வளைச்சு போட்டிருக்கிறார். தெரிஞ்ச பாட்டு எங்கயோ பிழையா கேக்கிற மாதிரி ஒரு அந்தரம் அதால தான் வருது. ஹெட்போன் போட்டு ஒருக்கா பாருங்க, செட்டை அடிக்கிற சத்தம் எல்லாம் கேக்கும்.

சலங்கை அக்கா:

வாசன் தம்பி, உங்கட கூட்டாளிட மனுசி சொன்னதை நான் அப்பிடியே ஏற்றுக்கொள்ளுறன். நான் ரவுணுக்குள்ள பிள்ளைகளுக்கு பரதம் படிப்பிக்கிறன், பாலே எனக்குத் தெரியாது, ஆனா படத்தில அவ புதுச் சப்பாத்தை எடுத்து வளைச்சு, அடியைச் சுரண்டி, ரிப்பன் தைச்சு, தன்ட காலுக்கு ஏத்த மாதிரி ஆக்கிற இடம் இருக்கே, அதைப் பாத்த உடனயே இது ஆட்டக்காரரைத் தெரிஞ்ச ஆள் எடுத்த படம் எண்டு எனக்கு விளங்கிட்டு. எங்களுக்குச் சப்பாத்து இல்ல, சீமெந்து நிலத்தில தட்டடவு தட்டித் தட்டி குதிக்கால் வெடிச்சு ரத்தம் வரும், அரைமண்டியில இருந்து இருந்து முழங்கால் போகும், அரங்கேற்றத்துக்கு முதல் மாசம் எந்த வீட்டிலயும் அந்தப் பிள்ளை சிரிச்சுக்கொண்டு திரியாது. கண்ணாடிக்கு முன்னால நிக்கேக்க நீங்க உங்களைப் பாக்கிறேல்ல, பிழையைத் தான் பாக்கிறது. கனகாலம் அப்பிடிப் பாத்தா கண்ணாடியில நிக்கிறது வேற ஒரு ஆள் மாதிரித் தான் தெரியும், அதுக்குப் பேய் தேவையில்ல.

ஸ்வான் லேக் கதை தெரியாதாக்களுக்கு: ஒடெட் எண்ட பெட்டை மந்திரவாதியால அன்னமா மாத்தப்பட்டவ, ஒடீல் எண்டவ தான் கறுப்பு அன்னம், ஒடெட்ட உருவத்தில வந்து இளவரசனை ஏமாத்திறவ. 1877ல மொஸ்கோவில முதல் மேடையேறினது, இப்ப ஆடுறது கூடுதலா 1895ல பெத்திப்பாவும் இவானோவும் அமைச்ச முறையைத் தழுவினது. அண்டைக்கு பியெரினா லெக்னானி எண்ட இத்தாலிக்காரி ரெண்டு பாத்திரத்தையும் ஆடி, ஒத்தைக் காலில 32 சுத்து சுத்தினவ, இண்டைக்கும் அந்த 32ஐ எண்ணிப் பாக்கிற ரசிகர் இருக்கினம். ஒரே உடம்பால ரெண்டு ஆளைக் காட்டவேணும், நீனாட பிரச்சினையே அது தான்.

எனக்குக் கோபம் வந்த இடம் ஒண்டு இருக்கு, அதை ஒருத்தரும் கதைக்கேல்ல. அந்தத் தோமா எண்ட நெறியாளர். உன்னட்ட உணர்ச்சி இல்ல, உன்னை விட்டுக்குடு எண்டு சொல்லிச்சொல்லி அவவில கைவைக்கிறார், பிறகு அதைப் பாடம் எண்டு சொல்றார். நாங்களும் பதினாறு வயசுப் பிள்ளைக்கு சிருங்கார பதம் குடுக்கிறம், நாயகனுக்கு ஏங்கிற நாயகியை அந்தப் பிள்ளை ஆடவேணும். அதை எப்பிடிச் சொல்லிக்குடுக்கிறது எண்டது ஒரு ஆசிரியர்ட ஒழுக்கம். ஆட்டத்தில பாவம், அதாவது உணர்ச்சி, வர பாட்டை விளங்கவேணும், சொல்லை விளங்கவேணும், கவனிக்கப் பழகவேணும். பிள்ளையை உடைச்சுத் தான் கலை வரும் எண்டு ஒரு ஆசிரியர் சொன்னா அந்த வகுப்பில இருந்து பிள்ளையை நிப்பாட்டிடுங்க. படம் அவரைக் கெட்டவர் எண்டும் சொல்லேல்ல, கடைசியில அவர் நினைச்சது தான் நடக்குது, அது எனக்கு மனசுக்குப் பிடிக்கேல்ல.

நிலாவெளி அம்மா:

நான் இதை மகளோட சேர்ந்து பாத்தன், மகள் கம்பஸ் முடிச்சவ. முதலே சொல்லிடுறன், சின்னப் பிள்ளைகளோடயோ வீட்டுப் பெரியாக்களோடயோ பாக்கிற படம் இல்ல இது.

இந்தப் படத்தைப் பாத்த கனபேர் நீனாட தாயைத் திட்டுகினம். திட்டவேண்டியது தான், வளந்த பிள்ளைட நகத்தைப் பிடிச்சு வெட்டுறா, அறைக்கதவு பூட்ட விடுறா இல்ல. ஆனா அந்தக் கேக் காட்சியை ஒருக்கா நினைச்சுப் பாருங்க. மகளுக்கு வேசம் கிடைச்ச சந்தோசத்தில கேக் வாங்கி வைக்கிறா, மகள் வயித்தைப் பிரட்டுது கொஞ்சம் போதும் எண்ட உடன முழுக் கேக்கையும் குப்பையில போடப்போறா. மகள் பயந்து சாப்பிடுறா. அந்த ஒரு நிமிசத்தில அவையிட வாழ்க்கை முழுக்கத் தெரியுது. தான் ஆட்டத்தை விட்டது பிள்ளை வயித்தில வந்ததால எண்டு அந்த மனுசி சொல்லிக்காட்டுறா, அப்ப பிள்ளை பிறந்ததே ஒரு கடன் மாதிரி ஆயிட்டு. பாபரா ஹேர்ஷி நடிச்ச விதத்தில எனக்கு அவவில கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. கடைசியில சபைக்குள்ள இருந்து அழுதுகொண்டு பாக்கிறாவே, அந்த அழுகை என்னத்துக்கு எண்டு மகளும் நானும் கனநேரம் கதைச்சனாங்க. மகள் சொல்றா பெருமை, நான் சொல்றன் மகள் கையை விட்டுப் போயிட்டா எண்டு அவவுக்கு விளங்கிட்டு. எங்கட பக்கமும் பிள்ளையை கிரேட் சோதினைக்கு ஏத்திறதுக்காக வீட்டைக் கிட்டத்தட்ட வகுப்பறை ஆக்கின தாய்மாரை நான் கண்டிருக்கிறன், கெட்ட மனுசர் இல்ல அவை.

வார்ட் தாதி:

நான் மனநல வார்டில வேலை செய்தனான், அதால இதை எழுதாம இருக்க ஏலாது. படத்தைப் பாத்திட்டு பேய், விசர் எண்டு எழுதுறாக்கள் ஒருக்கா யோசிங்க. சாப்பாட்டுக்குப் பயம், சத்தி எடுக்கிறது, தன்னையறியாம முதுகைச் சொறிஞ்சு புண்ணாக்கிறது, நித்திரை இல்ல, பிறகு இல்லாததைக் காணுறது கேக்கிறது, ஆரோ தன்ட இடத்தைப் பறிக்க வருகினம் எண்ட நம்பிக்கை. இது ஒண்டும் ஒரே இரவில வாறேல்ல, படத்திலயும் முதல் அரை மணித்தியாலத்துக்குள்ளயே எல்லாக் குறியும் இருக்கு. முதுகில அந்தப் புண்ணை தாய் கண்டவ. கண்டும் நகத்தை வெட்டி, மேக்கப்பால மறைச்சு, ஆருக்கும் தெரியாமப் பாத்துக்கொண்டா. எங்கட ஊரிலயும் அது தான் நடக்குது, முதல்ல கோயில், பிறகு நூல் கட்டுறது, பிறகு கலியாணம் பேசிறது, ஆஸ்பத்திரிக்கு வரேக்க வருசங்கள் போயிடும்.

படமா எனக்குப் பிடிச்சது, உள்ளுக்க இருந்து பயத்தைக் காட்டினது உண்மையா இருந்தது. ஆனா வருத்தம் முத்தினதால தான் அவ நல்லா ஆடினா எண்ட மாதிரி முடியிறது பிழை. வருத்தம் வந்தா கை கால் ஒழுங்கா வேலை செய்யாது, மனசு ஒரு இடத்தில நிக்காது, 32 சுத்து இல்ல, ஒரு சுத்து சுத்தேலாது. யாருக்காவது வீட்டில இப்பிடிக் குறி தெரிஞ்சா 1926க்கு எடுங்க, இலங்கைட தேசிய மனநல உதவி இலக்கம், ஒருத்தரும் குறை சொல்ல மாட்டினம்.

கரைவலை:

நீனாவா நடிச்ச நட்டாலி போர்ட்மன் இதுக்குத் தானே ஒஸ்கார் எடுத்தவ, பிறகு ஆடினது அவ இல்ல எண்டு ஒரு கதை வந்ததே, அது என்ன?

ரீல் ராசா:

ஓம், 2011ல பெரிய வாக்குவாதம். அவவுக்குப் பதிலா ஆடின சேரா லேன், அப்ப அமெரிக்கன் பாலே தியேட்டர் ஆட்டக்காரி, முழு உடம்பும் தெரியிற ஆட்டங்கள்ல போர்ட்மன் ஆடினது நூத்துக்கு அஞ்சு தான் எண்டு சொன்னவ. அரனோஃப்ஸ்கி எண்ணிக் காட்டினார், 139 ஆட்டக் காட்சித் துண்டில 111 போர்ட்மன், 28 லேன் எண்டு. ஒருத்தர் எண்ணினது முழு உடம்பு, மற்றவர் எண்ணினது எல்லாத் துண்டும், அதால ரெண்டு கணக்கும் நேருக்கு நேர் மோதுறேல்ல. முகமும் கையும் முதுகும் தான் படத்தைத் தூக்குது, அது அவவிட உழைப்பு, ஒரு வருசம் கிட்ட பயிற்சி எடுத்தவ. ஆனா லேனுக்கு இன்னும் வெளிப்படையா நன்றி சொல்லியிருக்கலாம் எண்டது என்ட அபிப்பிராயம்.

உப்புவெளி வாசன்:

எல்லாருக்கும் நன்றி. தாதி அக்கா எழுதினதை மச்சானுக்கு வாசிச்சுக் காட்டினன், அவன் பேய் எண்டு சொன்ன கதையை விட்டிட்டு இப்ப முதல் அரை மணித்தியாலத்தை திரும்பப் பாக்கிறான். சலங்கை அக்கா, உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும், உங்கட பெரிய பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைக் காட்டுவீங்களா?

சலங்கை அக்கா:

பதினெட்டுக்குக் கீழ உள்ள ஒருத்தருக்கும் காட்ட மாட்டன் தம்பி. மூத்த பிள்ளைகள் ரெண்டு பேர் இருக்கினம், இப்ப தாங்களும் படிப்பிக்கத் தொடங்கினவை, அவைக்குக் காட்டலாம் எண்டு இருக்கிறன். நீனாவுக்காக இல்ல, தோமாவைப் பாக்கிறதுக்காக. அவர் வாற ஒவ்வொரு காட்சியிலயும் நிப்பாட்டி, இந்த இடத்தில நீங்க ஆசிரியரா இருந்தா அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லுவீங்க எண்டு கேக்கப்போறன். அவை என்ன சொல்லினம் எண்டு பிறகு வந்து இங்கயே எழுதுறன்.