வீடியோ கேம் ஜாலியாக இருந்தால் மட்டும் போதாதா?

அரைத்தூக்கம்:
வேலை முடிந்து, சாப்பிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தால் எனக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். அதில் கார் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் எதையாவது சுட்டுத் தள்ள வேண்டும். கேம் விமர்சனம் எதைத் திறந்தாலும் 'இழப்பின் வலி', 'மனித மனத்தின் ஆழம்' என்றே எழுதுகிறார்கள். கூட விளையாடும் நண்பனும், கேம் என்றால் ஏதாவது சொல்ல வேண்டும், வெறும் ஜாலிக்கு விளையாடுவது தண்டம் என்கிறான். சதுரங்கம் யாருக்கு என்ன கருத்து சொன்னது? உங்களுக்கு எப்படி?

கட்டை அடுக்கி:
நான் உங்கள் கட்சி. 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் டெட்ரிஸை உருவாக்கினார். கதை கிடையாது, நாயகன் கிடையாது. மேலிருந்து கட்டை விழும், நாம் அடுக்க வேண்டும், வேகம் கூடக் கூடத் திணற வேண்டும். 2012இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் முதலில் சேர்த்துக்கொண்ட 14 கேம்களில் இதுவும் ஒன்று. கருத்து சொல்லியா உள்ளே போனது?

சிவப்பு முத்திரை:
என் பெயரைப் பார்த்தாலே எந்தக் கேமைச் சொல்லப் போகிறேன் என்று சிலருக்குத் தெரிந்திருக்கும். 'பேப்பர்ஸ், ப்ளீஸ்', 2013இல் லூகாஸ் போப் செய்தது. ஒரு கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் பார்க்கும் ஆள் நீங்கள். தேதி சரியா, படம் பொருந்துகிறதா, முத்திரை போலியா? சரியென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. அலுவலக வேலையை வீட்டுக்குத் தூக்கி வந்த மாதிரிதான் இருக்கும். (நான் பார்ப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான், அதை விடுங்கள்.)

ஒரு நாள் ஒருவர் வருவார். அவர் காகிதமெல்லாம் சரி. பின்னால் என் மனைவி வருகிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். அவளிடம் நுழைவு அனுமதி இருக்காது. கெஞ்சுவாள். விட்டால் உடனே தவறுச் சீட்டு வந்து விழும். ஒரு நாளைக்கு முதல் இரண்டு சீட்டும் எச்சரிக்கை மட்டும், மூன்றாவதிலிருந்து சம்பளத்தில் பிடித்தம். அன்று மாலையே வாடகை, சாப்பாடு, கணப்பு, மருந்து என்று வீட்டுக் கணக்கு திரையில் வரும்.

நான் ஏற்கெனவே இரண்டு சீட்டு வாங்கியிருந்தேன். வீட்டில் பையனுக்கு உடம்பு சரியில்லை (கேமில்தான்). கை தானாகச் சிவப்புக்குப் போய்விட்டது. இதே காட்சியைப் படத்தில் பார்த்திருந்தால் அந்த அதிகாரியைத் திட்டித் தீர்த்திருப்பேன். இங்கே அந்த அதிகாரியே நான்தான், யாரைத் திட்டுவது? ஜாலியா என்று கேட்டால் இல்லை. ஆனால் விடிய விடிய விளையாடினேன்.

ஸ்கிப் பட்டன்:
நல்ல கேமைச் சொல்லிவிட்டீர்கள், சரி. இதைப் பார்த்துவிட்டு ஆழம் காட்டக் கிளம்புகிறவர்கள்தான் கொடுமை. பாத்திரங்கள் நின்று வசனம் பேசும், தாண்டவும் விடமாட்டார்கள். அப்படிப்பட்ட கேமுக்கு டெட்ரிஸ் ஆயிரம் மடங்கு மேல்.

அப்புறம், 'ஜாலி' என்று விற்பதையும் அப்படியே நம்பாதீர்கள். தினமும் திறந்தால் பரிசு, காசு கொடுத்தால் ஒரு பெட்டி, பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பது அதிர்ஷ்டம். காசுக்கு விற்கும் இந்த லூட் பாக்ஸ் சூதாட்டம்தான் என்று 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையமே சொன்னது. அப்படி ஒரு கேமை நான் கொட்டாவி விட்டுக்கொண்டே தினமும் திறந்திருக்கிறேன். அதில் ஆழமும் இல்லை, ஜாலியும் இல்லை.

அரைத்தூக்கம்:
'பேப்பர்ஸ், ப்ளீஸ்' வாங்கிவிட்டேன். முத்திரை குத்தும் சத்தம் அமர்க்களம், அதற்காகவே ஒருவனைத் தேவையில்லாமல் திருப்பி அனுப்பிச் சீட்டு வாங்கினேன். அந்த மனைவி இன்னும் வரவில்லை. கதையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை போட்டிருக்கலாமே, சிவப்பு முத்திரை சார்!