பிரேக் போட்ட கார்: எனக்கு 32 மீட்டர், புத்தகத்தில் 50. எங்கே தப்பு?

கேள்வி:
ஒரே கணக்கு நேற்று ராத்திரியிலிருந்து படுத்துகிறது. சமதளச் சாலையில் 20 மீ/வி வேகத்தில் போகும் காரில் பிரேக் போடுகிறார்கள். எதிர்முடுக்கம் சீராக 4 மீ/வி². 8 விநாடியில் கார் எவ்வளவு தூரம் போயிருக்கும்?

வேகத்தைக் காலத்தால் பெருக்கினால் 160. முடுக்கத்தில் பாதியைக் காலத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 128. கழித்தால் 32. மூன்று தடவை போட்டுவிட்டேன், மாறவே இல்லை. புத்தகத்தில் விடை 50. அச்சுப்பிழையா?

பதில் 1:
அச்சுப்பிழை இல்லை. உங்கள் பெருக்கல், கழித்தல் எல்லாம் சரிதான். கார்தான் 8 விநாடி ஓடவில்லை!

விநாடிக்கு 4 வீதம் குறைந்தால் 20 தீர எவ்வளவு நேரம்? 5 விநாடி. அதற்குள் போன தூரம் 100 − 50 = 50 மீட்டர். மிச்ச 3 விநாடியும் கார் சும்மா நிற்கிறது. சமன்பாட்டுக்கு இது தெரியாது. பிரேக் காரைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருப்பதாக நினைத்து, அந்த 3 விநாடிக்கும் 18 மீட்டர் பின்னோக்கி ஓட்டிவிட்டது. 50 − 18 = உங்கள் 32. நானும் ஒரு காலத்தில் இதே 32-ஐ எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு போட்டு, சிவப்பு மையில் சுழி வாங்கியவன்தான். அதிலிருந்து பிரேக் என்ற சொல்லைப் பார்த்தாலே முதலில் நிற்கும் நேரத்தைத்தான் கண்டுபிடிப்பேன்.

பதில் 2:
திசைவேகம்-காலம் வரைபடம் போட்டிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. உயரம் 20, அடிப்பக்கம் 5. கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் தூரம்; இங்கே அது முக்கோணம், பரப்பு 50. முடிந்தது.

கேட்டவர்:
ஐயோ, கார் ரிவர்ஸில் போனதைக் கவனிக்கவே இல்லை. ஆனால் ஒன்று இடிக்கிறது. 20 மீ/வி வேகத்தில் பந்தை நேர் மேலே எறிந்தால் அதுவும் உச்சியில் நிற்கிறதே? புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்து, 3 விநாடியில் 15 மீட்டர் என்று நேரடியாகப் போட்டேன். அதற்கு முழு மதிப்பெண் கொடுத்தார்களே!

பதில் 1:
நல்ல கேள்வி. பிரேக் உராய்வு இயக்கத்தை எதிர்ப்பது. இயக்கம் நின்றதும் எதிர்ப்பதற்கு எதுவும் இல்லை, எதிர்முடுக்கமும் அங்கேயே முடிகிறது. புவியீர்ப்பு அப்படியில்லை. உச்சியில் பந்தின் திசைவேகம் சுழி, முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி அதே 10. (உச்சியில் முடுக்கமும் சுழி என்று எழுதுபவர்கள் ஏராளம்.) 2 விநாடியில் 20 மீட்டர் ஏறி, அடுத்த விநாடியில் 5 மீட்டர் இறங்குகிறது. அந்த இறக்கம் நிஜம், அதனால் ஒரே சமன்பாடு முழுப் பயணத்துக்கும் செல்லும்.

ஆனால் 15 என்பது இடப்பெயர்ச்சி, அதாவது புறப்பட்ட இடத்திலிருந்து இப்போது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. பந்து கடந்த தூரம் 25. உங்களிடம் எதைக் கேட்டார்கள்?

கேட்டவர்:
இருங்கள், வினாத்தாளை எடுத்துப் பார்க்கிறேன்... 'தரையிலிருந்து என்ன உயரத்தில் இருக்கும்' என்றுதான் இருக்கிறது. தப்பித்தேன்.