முப்பத்து நான்கு வயதில் காவலர் பணிக்கு முயலலாமா? (கடலூர்)

தேவனாம்பட்டினத்தாள்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 34 வயதாகிறது. கடலூரில் மாமியாரோடும் இரண்டு பிள்ளைகளோடும் வாழ்கிறேன். என் கணவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் காலமானார். வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பதில் மாதம் மூவாயிரம் ரூபாய் அளவுக்கு வருகிறது. பத்தாம் வகுப்பு தேறியிருக்கிறேன். மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவள். உயரம் 160 செ.மீ.

கேரளத்தின் வர்க்கலையில் எலுமிச்சைச் சாறு விற்றுப் பிழைத்த ஆனி சிவா, 2021-இல் அதே ஊரில் காவல் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்ற செய்தியைப் படித்த நாள் முதல் இந்த எண்ணம் மனத்தைவிட்டு அகலவில்லை. அப்போது அவருக்கு வயது 31தான் என்பதையும் அறிவேன். என் வயதுக்கு இடம் உண்டா? பிறந்த வீடு பாகூர் என்பதால் புதுச்சேரியில் முயல்வது எளிதாக இருக்குமா? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வயதில் உள்ளே போனவர்களின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதைத் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கெடிலக்கரையான்:

அம்மா, வருவாய்த்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அண்மைக்கால அறிவிப்புகளில் இரண்டாம் நிலைக் காவலருக்கான உச்ச வயது பொதுப் பிரிவினருக்கு 26, உங்கள் வகுப்பினருக்கு 28, ஆதரவற்ற விதவைக்கு 37. ஆகவே வயது உங்களுக்குத் தடையில்லை. ஆனால் அந்தப் பிரிவுக்குள் நுழைய வெறும் இறப்புச் சான்றிதழ் போதாது. வருவாய்க் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ வழங்கும் ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் வேண்டும். எல்லா வழிகளிலும் வரும் மாத வருமானம் 4,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது அதற்கான விதி. கணவரைப் பிரிந்தவர்களுக்கும், மணமுறிவு பெற்றவர்களுக்கும், மறுமணம் செய்தவர்களுக்கும் இச்சலுகை கிடையாது.

பிள்ளைகளைக் காப்பாற்ற ஒரு ஜவுளிக்கடையில் எட்டாயிரம் ரூபாய்க்கு நின்றாலே ஒரு பெண் ‘ஆதரவற்றவர்’ அல்லாதவராகிவிடுகிறார் என்பதை என்னால் பணியில் இருந்தபோதும் ஏற்க முடிந்ததில்லை. அது கிடக்கட்டும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரணைக்கு வரும்போது தையல் வருமானத்தை மறைக்காமல் உள்ளபடியே சொல்லுங்கள். அறிவிப்பு வந்த பிறகு சான்றிதழுக்கு ஓடாமல் இன்றே இ-சேவை மையத்துக்குச் செல்லுங்கள். கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர எத்தனை நாளாகும் என்பது எனக்குத் தெரியும்.

பாராக்காரி:

தங்கை, நான் 33 வயதில் இதே பிரிவில் தேர்வாகி இப்போது இந்த மாவட்டத்தில்தான் பணியில் இருக்கிறேன். அப்போது உச்ச வயது இன்றுள்ளதைவிடக் குறைவு. தவறவிட்டிருந்தால் எனக்கு அடுத்த வாய்ப்பு இருந்திருக்காது.

படிப்பு உங்களுக்குப் பெரிய சுமையாக இராது. தமிழ்த் தகுதித் தேர்வில் 80-க்கு 32 எடுத்தால்தான் 70 மதிப்பெண் கொண்ட முதன்மைத் தாளைத் திருத்துவார்கள். சுமை ஓட்டத்தில் இருக்கிறது. பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பத்தாண்டுகளாக அடுப்படியையும் தையல் எந்திரத்தையும் தவிர வேறெதையும் அறியாத முழங்கால்களுக்கு அந்த இரண்டரை நிமிடம் என்னவென்று நான் அறிவேன்.

அடிப்படைப் பயிற்சி ஏழு மாதம். என் விடுதி அறையில் இருந்த மற்றப் பெண்கள் எல்லோரும் இருபது, இருபத்திரண்டு வயதினர். என்னை ‘அக்கா’ என்றே அழைத்தார்கள். கவாத்துப் பயிற்றுநரோ என்னைவிட ஐந்து வயது இளையவர். அவர் முன்னால் நான் அக்காவும் இல்லை, எட்டு வயது மகளின் தாயும் இல்லை. கால் சரியாக உயராத ஒரு பயிற்சிக் காவலர், அவ்வளவே. முதல் மாதம் அது அவமானமாகத் தோன்றியது. பிறகு, கணவர் இறந்த நாள் முதல் என்னை யாரும் பரிதாபமாகப் பார்க்காத ஒரே இடம் அந்த மைதானம்தான் என்பது புரிந்தபோது, அதுவே பெரிய ஆறுதலாகிவிட்டது.

பயிற்சி முடிந்ததும் ஆயுதப்படை. பாரா, பெண் கைதிகளை நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லும் வழிக்காவல், பந்தோபஸ்து என்று ஆண்டுகள் ஓடின. வடலூர்த் தைப்பூசத்தில் விடிய விடிய நின்றிருக்கிறேன். மாசி மகத்தன்று உங்கள் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கயிறு பிடித்து நின்றபோது, என் சொந்த நாத்தனார் குடும்பம் குளிக்க வந்து, காக்கியில் என்னை அடையாளம் தெரியாமல் கடந்து போனதும் உண்டு. காலையில் குடித்த தண்ணீருக்கு மாலை வரை கணக்குப் பார்க்க வேண்டியிருந்த நாட்கள் அவை. இதை ஆண்களிடம் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. முதலமைச்சர் செல்லும் சாலையோரங்களில் பெண் காவலரை நிறுத்த வேண்டாம் என 2021-இல் உத்தரவு வந்ததும், பெண் காவலர் பொன்விழா நடந்த 2023-இல் எங்களுக்கு ரோல்கால், அதாவது காலை வருகைக் கணக்கெடுப்பு, ஏழு மணியிலிருந்து எட்டு மணிக்கு மாற்றப்பட்டதும் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிறிய செய்திகள். பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ள வீட்டில் அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரியது என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

மகளிர் காவல் நிலையத்துக்கு மாற்றலான பிறகுதான் என் வயதுக்கு ஒரு பயன் கிடைத்தது. புகார் கொடுக்க வரும் பெண்கள், நரைத்த முடியைப் பார்த்து, நான்தான் ஆய்வாளர் என்று எண்ணி நேராக என்னிடம் வந்து அமர்ந்துவிடுவார்கள். உண்மையான அதிகாரியோ பக்கத்து அறையில் இருக்கும் என்னைவிட இளைய பெண்; அவருக்கு நான் சல்யூட் அடிக்கிறவள். அவர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘முதலில் அக்காவிடம் பேசுங்கள்’ என்று அவரே சிலரை என்னிடம் அனுப்புகிறார்.

பதவி உயர்வைப் பற்றி மட்டும் கனவு வேண்டாம். பத்து ஆண்டுகளில் முதல்நிலைக் காவலர், பிறகு தலைமைக் காவலர், ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளில் சிறப்பு உதவி ஆய்வாளர் என்பதே நீண்டகால வழக்கம். ஓய்வு வயது 60. நீங்கள் 35-இல் சேர்ந்தால் கூட்டல் கணக்கு எங்கே முடிகிறதென்று பாருங்கள். இன்னொன்று: இரவுப் பணியின்போது பிள்ளைகளோடு படுத்துக்கொள்வது யார் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே மாமியாரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். எனக்கு என் மாமியார்தான் இருந்தார். அவர் இல்லையென்றால் இந்தப் பதிலை எழுத நான் இங்கே இல்லை.

பாகூர் ஏரிக்கரை:

சகோதரிக்கு வணக்கம். புதுச்சேரிக் காவல்துறை தனியே ஆள் எடுக்கிறது. தமிழ்நாட்டு வாரியத்தின் தேர்வு இங்கே செல்லாது. காவலர் பணிக்குப் பன்னிரண்டாம் வகுப்பும் குடியிருப்புச் சான்றும் கேட்பார்கள். இங்குள்ள காவலர் அணியும் சிவப்புத் தொப்பியின் மீது ஆசை இருந்தாலும், பத்தாம் வகுப்போடும் கடலூர் முகவரியோடும் உங்களுக்கு அது பொருந்தாது.

பாராக்காரி அம்மையார் எழுதியதைப் படித்தபோது, இங்கிலாந்தின் கிரந்தம் நகரில் 1915-இல் கைது செய்யும் அதிகாரத்தோடு அந்நாட்டின் முதல் பெண் காவலராக அமர்த்தப்பட்ட எடித் ஸ்மித் நினைவுக்கு வந்தார். அவரும் கணவரை இழந்து பிள்ளைகளோடு நின்றவர். மருத்துவச்சியாக இருந்து, நாற்பதை நெருங்கும் வயதில் காவலரானவர். பெண்ணுக்குக் காவலர் உறுதிமொழி செய்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று உள்துறை அலுவலகம் மறுத்தபோதும் நகரத்தார் அவரை அமர்த்தினார்கள். வாரத்தில் ஏழு நாளும் ஓயாமல் உழைத்து, 1918-இல் உடல்நலம் கெட்டு விலகி, 1923-இல் இறந்தார். தமிழ்நாட்டில் காவலருக்கு வார ஓய்வு 2021-இல்தான் ஆணையானது. அது கிடைக்கும் நாளில் விட்டுக்கொடுக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

தேவனாம்பட்டினத்தாள்:

மூவருக்கும் நன்றி. சான்றிதழுக்கு நேற்று விண்ணப்பித்துவிட்டேன். மாமியார் உடனே பதில் சொல்லவில்லை. இரவு சாப்பாட்டின்போது, ‘சின்னவன் என்னோடு படுத்துக்கொள்ளட்டும்’ என்றார். இன்று விடியற்காலை வெள்ளிக் கடற்கரையில் ஓடினேன். மகள் கைப்பேசியில் நேரம் பார்த்தாள்; 400 மீட்டர் இருக்கும் என்று நாங்களே குத்துமதிப்பாக அளந்த தூரத்துக்கு மூன்று நிமிடம் பத்து விநாடி ஆனது. அக்கா, இது தேறுமா?

பாராக்காரி:

மணலில் ஓடி எடுத்த நேரத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மணல் காலுக்கு வலு கொடுக்கும், வேகத்தைத் தின்றுவிடும். வாரத்தில் இரண்டு நாள் மணல், மற்ற நாட்களில் அளந்து கோடு போட்ட தரை என்று மாற்றிக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு ஓட வேண்டாம். வரும் ஞாயிறு காலை ஐந்தரைக்கு அண்ணா விளையாட்டரங்க வாசலில் இருப்பேன். எட்டு மணிக்கு எனக்கு ரோல்கால், தாமதிக்காமல் வந்துவிடுங்கள்.